எண்பது வரியும் ஒரு யானைக் காதும்

ஆற்றோரத்து மணல்திட்டில் பதினோரு யானைகள் சிக்கிக்கொண்டு நின்றன.

முன்னால் காட்டாறு. இரண்டு நாள் மழையில் அது மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு ஓடியது. பின்னால் மலை. யானைகள் வந்த வழியை மண்சரிவு மூடிவிட்டது. திட்டில் தின்னப் புல் இல்லை. விடிந்ததிலிருந்து தண்ணீர் இரண்டு முழம் ஏறியிருந்தது.

கூட்டத்தின் தலைவி அங்காயி என்ற பெண் யானை. மூன்று குட்டிகளையும் பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள். கடைசிக் குட்டி மொட்டு பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

எதிர்க்கரையில் சடையன் நின்றான். அவன் தனியாகத் திரியும் கொம்பன். இந்தப் பக்கத்து மலையும் அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கத்து மலையும் தெரியும்.

"அங்காயி! உனக்குப் பின்னால் மேட்டுவழி ஒன்று இருக்கிறது! மூங்கில் காட்டுக்குள் ஏறு!" என்று பிளிறினான்.

ஆற்றின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. தூக்கிய துதிக்கை மட்டும்தான் அங்காயிக்குத் தெரிந்தது.

கேட்டிருந்தாலும் அது போதாது. மேட்டுவழி சுலபமான வழி அல்ல. எந்த மரத்தில் திரும்ப வேண்டும், எந்தப் பாறையை மிதிக்கக் கூடாது, எந்தச் சேற்றில் கால் வைக்கலாம் என்று எல்லாம் தெரிய வேண்டும். ஓர் அடி தப்பினால் பள்ளம். சடையன் மனசுக்குள் அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தான். சொல்வதற்கு எண்பது வரி தேவைப்பட்டது.

அவன் தலைக்கு மேலே இலவ மரத்தில் கிளிக்கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் பச்சையப்பன்.

"கவலையை விடுங்கள், கொம்பரே! நாங்கள் இருக்கிறோம்!" என்றான் பச்சையப்பன்.

"நீங்கள் முன்னால் பறந்து வழி காட்டுவீர்களா?"

"அது முடியாது. மேலிருந்து பார்த்தால் எங்களுக்கு எல்லாம் ஒரே பச்சை. மூங்கிலுக்கு அடியில் பாறை எது, சேறு எது என்று எப்படித் தெரியும்? ஆனால் கேட்டதை அப்படியே சொல்வோம்! ஒரு கிளிக்கு ஒரு வரி. எண்பது வரிக்கு எண்பது கிளி. இந்த ஆறு எங்களுக்கு ஒரு தூரமா? கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடுவோம்!"

சடையனுக்கு மூச்சு வந்தது. ஒவ்வொரு கிளியாகக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தான்.

கூட்டத்தில் கொவ்வை என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு முறை குஞ்சு பொரித்து வளர்த்தவள். அவள் கேட்டாள்: "அண்ணே, எண்பது பேரும் ஒரே நேரத்திலா போகிறோம்?"

"பின்னே? வானம் இவ்வளவு அகலம்! ஒருவர் இறக்கை ஒருவர் மேல் படாது!"

"வானம் அகலம்தான். ஆனால் கேட்கப் போவது ஒரே ஒரு யானை."

"அந்தக் காதைப் பார்த்தாயா? முறம் மாதிரி இருக்கிறது! அதுவும் இரண்டு!"

கிளிகள் எல்லாம் சிரித்தன. 

"கிளம்புங்கள்!" என்றான் பச்சையப்பன்.

எண்பது கிளிகளும் அம்புபோல் பாய்ந்தன. ஆற்றைத் தாண்ட உண்மையாகவே கண்ணிமைக்கும் நேரம்தான் ஆனது. எண்பதும் அங்காயியின் தலையைச் சுற்றி இறங்கின. எண்பதும் ஒரே சமயத்தில் கத்தின.

"வெட்பாலை மரத்தில்..."

"இடப்பக்கம் திரும்பு!"

"எருமைத் தடம்..."

"மூன்று பாறையில் நடுப்பாறையை மிதிக்..."

"குட்டிகளை உள்பக்கம்..."

அங்காயி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்! எனக்கு ஒன்றும் புரியவில்லை!" என்றாள். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. தம் வரியைச் சொல்லிவிட்ட திருப்தியில் கிளிகள் திரும்பிப் பறந்தன.

எண்பதில் அவளுக்குப் புரிந்தது நான்கோ ஐந்தோ. அதிலும் ஒன்று பாதி.

"நடுப்பாறையை மிதி என்றார்கள். அதோ, மூங்கில் ஓரத்தில் மூன்று பாறை தெரிகிறது. அதுதான் வழி போலிருக்கிறது" என்றாள் தங்கை பூவாயியிடம்.

"நான் முதலில் போய்ப் பார்க்கிறேன், அக்கா" என்று பூவாயி ஏறினாள். நடுப்பாறையில் காலை வைத்தாள்.

பாறை புரண்டது. பூவாயி முழங்கால் மடங்கிச் சறுக்கிக் கீழே வந்தாள். முன்னங்காலில் தோல் உரிந்து இரத்தம் கொட்டியது. குட்டிகள் அலறின.

எதிர்க்கரையில் சடையன் பதறிப்போனான். "மிதிக்காதே என்றல்லவா சொன்னேன்! 'மிதிக்காதே' என்ற வரி எங்கே போயிற்று?"

"நான் சொன்னேனே!" என்றது ஒரு கிளி.

"சொன்னாய். கேட்டதா என்று பார்த்தாயா?" என்றாள் கொவ்வை.

கிளி விழித்தது. அங்காயிக்குக் கேட்டதா என்று எந்தக் கிளியும் பார்த்திருக்கவில்லை.

பச்சையப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தம் போதவில்லை, அவ்வளவுதான்! பக்கத்து மரத்துக் கூட்டத்தையும் கூப்பிடு. ஒரு வரிக்கு இரண்டு கிளி. ஒருத்தி சொன்னது விழாவிட்டால் இன்னொருத்தி சொன்னது விழும். யானை தலையாட்டும்வரை யாரும் ஓயக் கூடாது! போய்ச் சொல், வா, மறுபடி போய்ச் சொல்!"

நூற்றறுபது கிளிகள் கிளம்பின. போகிற கிளியும் வருகிற கிளியும் ஆற்றுக்கு நடுவில் மோதிக்கொண்டன. இரண்டு கிளிகள் நுரையில் விழுந்து தத்தளித்து எப்படியோ எழுந்தன. யானையின் காதருகே இடம் கிடைக்காதவை மேலே வட்டமிட்டன. வட்டமிட்டபடி தம் வரியை மறந்தவை, மறுபடி கேட்கச் சடையனிடம் ஓடின. பதில் கிடைக்காதவை அதே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தின.

கிளிகள் முன்பைவிட இரண்டு மடங்கு. போய்ச் சேர்ந்த வரி ஒன்றுகூட இல்லை.

அங்காயி துதிக்கையால் இரண்டு காதையும் பொத்தப் பார்த்தாள். தண்ணீர் அவள் கால் நகங்களைத் தொட்டது.

அப்போதுதான் சடையன் அதைக் கண்டான். மண்சரிவின் உச்சியில் ஒரு பெரும்பாறை முன்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நேர் கீழே மொட்டும் மற்ற இரண்டு குட்டிகளும் நின்றன.

பக்கத்தில் இருந்த கிளி மிளகி. "மிளகி! பற! மேலே பாறை வருகிறது, குட்டிகளோடு ஆற்றோரமாக விலகு என்று சொல்! இது வழி அல்ல, உயிர்!" என்றான் சடையன்.

மிளகி பறந்தாள். ஆற்றை நொடியில் கடந்தாள். ஆனால் அங்காயியின் காதுக்கு ஒரு பனை தூரத்தில் நின்றுவிட்டாள். முன்னால் அறுபது கிளிகள் அடைத்துக்கொண்டிருந்தன.

"வழி விடுங்கள்! அவசரம்!" என்று மிளகி கத்தினாள்.

"எங்களுடையதும் அவசரம்தான்! வரிசையில் வா!" என்றன முன்னால் இருந்தவை.

அவற்றின் நடுவே கொவ்வை இருந்தாள். மிளகியின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் வாயில் வரி இருந்தது. மிளகியின் கண்ணில் பயம் இருந்தது. கொவ்வை மலையை அண்ணாந்து பார்த்தாள். புரிந்துவிட்டது.

இத்தனை பேரை அதட்டி அடக்க நேரமில்லை. கொவ்வை கழுத்தை நீட்டினாள். தொண்டையை இறுக்கினாள்.

"கீ... ஈ... ஈ... ஈ!"

அச்சு அசலாகப் பருந்தின் குரல்!

ஒரு நொடி. அவ்வளவுதான். கொவ்வை கத்தியதை நேரில் பார்த்த மிளகியைத் தவிர, மற்ற கிளிகள் எல்லாம் இலைகளுக்குள் புகுந்து வாயை மூடிக்கொண்டன. அங்காயியைச் சுற்றி ஓர் இறகுகூட இல்லை.

"இப்போது போ!" என்றாள் கொவ்வை.

மிளகி நேராகக் காதில் போய் உட்கார்ந்தாள். "மேலே பாறை வருகிறது! குட்டிகளோடு ஆற்றோரமாக விலகு!"

அங்காயி ஏன் என்று கேட்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. மொட்டைத் துதிக்கையால் வளைத்து இழுத்தாள். பூவாயி நொண்டிக்கொண்டே மற்ற இரண்டையும் நெற்றியால் முட்டித் தள்ளினாள். பதினோரு யானைகளும் தண்ணீருக்குள் இறங்கி நின்றன.

பாறை வந்து விழுந்தது. திட்டு அதிர்ந்தது. மொட்டு நின்ற இடத்தில் இப்போது அந்தப் பாறை புதைந்து கிடந்தது.

பச்சையப்பன் இலைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "பருந்து எங்கே?"

"இதோ, என் தொண்டையில்!" என்றாள் கொவ்வை.

"கூட்டத்தை ஏமாற்றினாயா?"

"ஏமாற்றினேன், அண்ணே. குட்டி உயிரோடு நிற்கிறது."

பச்சையப்பன் பாறையைப் பார்த்தான். மொட்டைப் பார்த்தான்.  பிறகு இறங்கி வந்து கொவ்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எண்பது பேரை அனுப்பினேன், புரியவில்லை. நூற்றறுபது பேரை அனுப்பினேன், அவள் காதைப் பொத்திக்கொண்டாள். சரி, என்ன செய்ய வேண்டும்? நீயே சொல்."

 கொவ்வை முதலில் அங்காயியிடம் போனாள்.

"அம்மா, ஒரு வரியைக் கேட்டால் மனசில் பதிய எவ்வளவு நேரம் ஆகும்?"

அங்காயி பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், கிளியம்மா. பதிந்துவிட்டால் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் ஒன்று பதிவதற்குள் இன்னொன்று வந்து விழுந்தால் இரண்டும் போய்விடும்."

"பதிந்ததும் ஒரு காதை அசையுங்கள். போதும்."

கொவ்வை திரும்பிப் பறந்து இலவ மரத்தில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது எத்தனையாவது வரி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடி வரக் கூடாது. அம்மா காதை அசைக்கும்வரை காத்திருங்கள். அசைத்ததும் திரும்பி வந்து 'ஆச்சு' என்று சொல்லுங்கள். அந்த 'ஆச்சு' கேட்ட பிறகுதான் இங்கிருந்து அடுத்த கிளி கிளம்பும்."

"ஒன்று போய் ஒன்று வந்தால் எண்பது வரி என்றைக்கு முடியும்? மேற்கே மேகத்தைப் பார்!" என்றது ஒரு கிளி.

"நல்ல கேள்வி! ஒன்றோடு நிறுத்தப் போவதில்லை. முதலில் ஒருத்தி போகட்டும். 'ஆச்சு' வந்தால் இரண்டு பேர். இரண்டும் வந்தால் மூன்று பேர். ஒன்று சொல்லும்போது ஒன்று பக்கத்தில் காத்திருக்கட்டும், ஒன்று வழியில் வரட்டும். 'ஆச்சு' வரத் தாமதமானால் குறைத்துக்கொள்வோம். எத்தனை பேர் போகலாம் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம். அந்தக் காது முடிவு செய்யட்டும்."

கொவ்வை தொடர்ந்தாள்: "அப்புறம், அம்மாவின் வலது காதுப் பக்கம் யாரும் உட்காராதீர்கள். அது மிளகிக்கு. கொம்பர் வேறு ஏதாவது ஆபத்தைக் கண்டால் அவள் நேராகப் போவாள்."

முதல் கிளி போயிற்று. "முதல் வரி. வெட்பாலை மரத்தடியில் இடப்பக்கம் திரும்பு."

அங்காயியின் காது அசைந்தது.

"ஆச்சு!"

இரண்டு கிளிகள் போயின. "ஆச்சு! ஆச்சு!" மூன்று போயின. நான்கு போயின. பத்தாவது வரி, இருபதாவது வரி. ஆற்றின் மேலே கிளிகள் இடைவெளி விட்டுப் போயின, இடைவெளி விட்டு வந்தன. ஒன்றும் மோதவில்லை. ஒன்றும் வட்டமிடவில்லை. அங்காயியின் காது தாளம் தப்பாமல் அசைந்தது.

பச்சையப்பனுக்கு மட்டும் கால் பரபரத்தது. "இவ்வளவு வானம் சும்மா கிடக்கிறதே, கொவ்வை!"

"கிடக்கட்டும், அண்ணே. காது சும்மா இருக்கிறதா என்று பாருங்கள்."

அவன் பார்த்தான். அது ஒரு நொடிகூடச் சும்மா இல்லை.

ஆறு கிளிகள்வரை கூட்டினார்கள். எல்லாம் நன்றாகவே போயிற்று. ஏழாவது கிளியைச் சேர்த்தபோது ஒன்று தவறியது. முப்பத்து மூன்றுக்கு 'ஆச்சு' வந்தது. முப்பத்தைந்துக்கும் வந்தது. முப்பத்து நான்கைக் காணோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்ததில் அது அமுங்கிவிட்டது.

"போச்சு! எல்லோரும் முதலிலிருந்து சொல்லுங்கள்!" என்று பச்சையப்பன் எழுந்துவிட்டான்.

"வேண்டாம், அண்ணே! மற்றதெல்லாம் அம்மா மனசில் இருக்கிறது. முப்பத்து நான்கு மட்டும் மறுபடி போகட்டும். ஏழு தாங்கவில்லை. இப்போது மூன்று பேரோடு நிறுத்தி, பிறகு மெல்லக் கூட்டுவோம்."

முப்பத்து நான்கு மறுபடி போயிற்று. "முப்பத்து நான்காம் வரி. சேற்றில் காட்டெருமைத் தடம் உள்ள பக்கம் மட்டும் நட."

"ஆச்சு!"

அறுபத்தெட்டாம் வரியில் மழை தொடங்கியது. ஆற்றின் இரைச்சலோடு மழையின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அங்காயிக்குக் காது கேட்கச் சிரமமாயிற்று. 'ஆச்சு' வரத் தாமதமானது. கொவ்வை உடனே இரண்டு பேராகக் குறைத்தாள்.

தண்ணீர் மொட்டின் வயிற்றைத் தொட்டது. குட்டி மிதக்காமல் இருக்கப் பூவாயி துதிக்கையால் பிடித்துக்கொண்டாள்.

கிளிகள் தவித்தன. "இன்னும் பன்னிரண்டு வரிதானே! எல்லோரும் சேர்ந்து ஒரே பாய்ச்சலில் போய்விடலாம்! குட்டி மூழ்கப் போகிறது!"

நாலைந்து கிளிகள் இறக்கையை விரித்துவிட்டன.

அப்போது பச்சையப்பன் குறுக்கே பாய்ந்தான். "ஒருவரும் அசையக் கூடாது!" என்று கத்தினான். "காலையில் நான் அவசரப்பட்டதால்தான் பூவாயி காலில் இரத்தம். என் பேச்சைக் கேட்டு ஒருமுறை கெட்டது போதும். 'ஆச்சு' வராமல் யாராவது கிளம்பினால் அவள் வாலைப் பிடுங்கிவிடுவேன்!"

விரித்த இறக்கைகள் மடங்கின.

எழுபது. எழுபத்து மூன்று. எழுபத்தெட்டு. ஒவ்வொரு 'ஆச்சு'வுக்கும் இலவ மரம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கடைசி வரியைக் கொண்டுபோனது பச்சையப்பன். அவன் காதருகே மெதுவாக இறங்கினான். தெளிவாகச் சொன்னான். "எண்பதாம் வரி. புலியுருவம்போல் கறுத்த பாறை தெரிந்தால் நீ மேலே வந்துவிட்டாய். இனி பயமில்லை."

அங்காயி காதை அசைத்தாள். அடுத்த நொடி திரும்பி நடந்தாள்.

பதினோரு யானைகளும் ஒன்றன் பின் ஒன்றாக மூங்கில் காட்டுக்குள் நுழைந்தன. அங்காயி ஓரிடத்திலும் தயங்கவில்லை. வெட்பாலை மரத்தடியில் திரும்பினாள். வழுக்கும் இடத்தில் குட்டிகளை உள்பக்கம் விட்டாள். சேற்றில் எருமைத் தடத்தின் மேலேயே கால் வைத்தாள். பூவாயி நொண்டினாலும் அக்காவின் வாலை விடவில்லை.

கிளிகளுக்கு மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மூங்கில் தலைகள் அங்கங்கே ஆடுவது மட்டும் தெரிந்தது. ஆட்டம் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போயிற்று. ஓரிடத்தில் வெகுநேரம் நின்றது.  பிறகு மறுபடி ஏறியது.

மலையின் தோளில், கறுத்த பாறைக்குப் பக்கத்தில், ஒரு துதிக்கை எழுந்தது. பிறகு இன்னொன்று. கொவ்வை எண்ணினாள். எட்டு பெரியது, மூன்று சிறியது.

"பதினொன்று!" என்றாள்.

சடையன் பிளிறிய பிளிறலில் இலவ மரத்துப் பஞ்சுக்காய்கள் உதிர்ந்தன. கீழே, ஆறு மணல்திட்டை முழுசாக மூடிக்கொண்டு ஓடியது.

மழை விட்டதும் பக்கத்து மரத்துக் கிளித்தலைவன் பறந்து வந்தான். "பச்சையப்பா, காலையில் அவ்வளவு பேரை வாரி இறைத்தும் ஒரு வரி போய்ச் சேரவில்லை. உச்சிக்குப் பிறகு நாலு பேர், ஆறு பேர் என்று அனுப்பி அதில் பாதி நேரத்தில் எண்பதையும் முடித்துவிட்டாய்! எப்படி?"

முன்பு என்றால் பச்சையப்பன் மார்பைத் தூக்கிக்கொண்டு தன் இறக்கையின் வலிமையைச் சொல்லியிருப்பான்.

"நான் காலை முழுக்க ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா. கொவ்வை அந்தம்மாவைப் பார்த்தாள்" என்றான்.

வாங்குகிறவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்து அனுப்புகிறவரே, எல்லோருக்கும் முன்னால் அனுப்பி முடிப்பார்.